மூணு வாரமா வேலைக்குப் போகலை: மனச்சோர்வு, லீவு, ஈ.எஸ்.ஐ. கேள்வி பதில்

ஆலைகளில் 18 வருடம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன் நான். டாக்டர் இல்லை. லீவு, சம்பளம், வேலை பற்றிக் கேளுங்கள்.

கே: என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை. மூன்று வாரமாகப் படுக்கையை விட்டு எழவில்லை, போனும் எடுப்பதில்லை. கம்பெனிக்கு எதுவும் சொல்லவில்லை.

ப: சகோதரி, இன்றைக்கே நீங்கள் தகவல் கொடுங்கள், அவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. 'உடல்நலமில்லை, சிகிச்சைக்குப் போகிறோம், சான்றிதழ் தருகிறோம்' என்று இரண்டு வரி மெயில், பதிவுத் தபாலிலும் ஒன்று. பெரும்பாலான ஆலைகளின் நிலையாணையில் (வேலை விதிகளின் தொகுப்பு), சொல்லாமல் 10 நாளுக்கு மேல் வராதது ஒழுங்கீனம். நான் பார்த்தவரை மனச்சோர்வு வந்ததற்காக வேலை போனவர்கள் குறைவு. வாயே திறக்காமல் கிடந்து, வந்த நோட்டீஸைப் பிரிக்காமல் டிவி மேல் வைத்து, அதனால் போனவர்கள்தான் அதிகம். அப்புறம், சாவைப் பற்றிப் பேசினால் நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கே: ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இதற்கெல்லாம் பணம் தருவார்களா?

ப: தருவார்கள். சில ஹெச்.ஆர்.களுக்கே தெரியாது. சாதாரண நோய்க்கால உதவித்தொகை வருடத்துக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். அது தீர்ந்த பிறகு, நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் மனநோய்ப் பிரிவில் கடுமையான மனச்சோர்வும் உண்டு ('எண்டோஜீனஸ் டிப்ரஷன்' என்ற பழைய பெயரில் இருக்கும்). 80 சதவீதம், 2 வருடம் வரை நீட்டிக்கலாம். ஆனால் 2 வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அதற்குள் 156 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். ஒருவர் வெட்கப்பட்டு, 'முதுகுவலின்னே போடுங்க டாக்டர்' என்று கெஞ்சிச் சான்றிதழ் வாங்கினார். 91 நாளோடு பணம் நின்றுவிட்டது. முதுகுவலி அந்தப் பட்டியலில் இல்லையே!

கே: ஐ.டி.யில் இருக்கிறேன், சம்பளம் 60 ஆயிரம். எனக்கு?

ப: ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 வரைதான் தம்பி. உங்களுக்குக் கம்பெனியின் லீவு விதிதான், ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். சம்பளமில்லா லீவாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். ராஜினாமாவை மட்டும் இந்த நிலையில் எழுதாதீர்கள், தலை தெளிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது 2017 மனநலச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் அட்மிட் ஆனால்தான் பணம்.

கே: என்ன நோய் என்று மேனேஜரிடம் சொல்லணுமா?

ப: வேண்டாம். 'சிகிச்சையில் இருக்கிறேன்' போதும். சான்றிதழ் ஹெச்.ஆர். கைக்கு மட்டும்.

கே: நாலு மாதம் கழித்துத் திங்கட்கிழமை போகிறேன். நினைத்தாலே கை நடுங்குகிறது.

ப: திங்கள் வேண்டாம், வியாழன் போங்கள். இரண்டு நாள் தாங்கினால் வார லீவு வந்துவிடும். நைட் ஷிப்ட் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், தூக்கம் கெட்டால் பழையபடி ஆகிவிடும். 'நல்லாயிட்டேன்' என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரத்தான் டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேன்டீனில் பத்துப் பேராவது 'என்னப்பா, ஆளையே காணோம்' என்பார்கள். 'உடம்பு சரியில்லை, இப்ப பரவாயில்லை' என்று ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் குடைகிறவர் பக்கம் சாம்பார் வாளியைத் தள்ளிவிடுங்கள்.