மலை எங்கே என்று கேட்டவள்

வணக்கம்.

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுட்டி டிவியில் டோரா கார்ட்டூன் பார்ப்போம். பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருக்கும். டோரா ஏதாவது கேட்டால் அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்தித்தான் நானும் தம்பியும் பதில் சொல்வோம். ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் "அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்" என்று, டோராவுக்கு வழி சொல்லும் மேப் மாதிரியே திரும்பத் திரும்ப ராகம் போடுவோம். இப்போது அதே தம்பி, "மலை பின்னாலேயே நிக்குது, அது தெரியாம எங்கேன்னு கேக்குது லூசு" என்று டோராவைக் கிண்டல் செய்து மீம் அனுப்புகிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூனுக்காக இந்த வயதில் இப்படி உருகலாமா? அண்ணன் மகளுக்கு மூன்று வயது. அவளுக்குக் காட்டலாமா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் அந்த மீம்கள் பிடிப்பதில்லை. மலை எங்கே என்று டோராவுக்குத் தெரியும். குழந்தை சொல்லட்டும் என்றுதான் கேட்கிறாள்.

கேட்டுவிட்டு என்ன செய்வாள், ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒன்றும் செய்யமாட்டாள். பெரிய கண்களை நேராக நம் பக்கம் வைத்து, இமைத்தபடி சும்மா நிற்பாள். நம் வீட்டுக்கு வருகிறவர் "பாப்பா பேரென்ன?" என்று கேட்டால், குழந்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிடுவார். "எந்த ஸ்கூல்?" என்றால் அப்பா முந்திக்கொள்வார். குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தவள் டோரா. உங்கள் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அவள் காத்திருந்தாள். அது சின்ன விஷயமில்லை.

அது தற்செயலாக வந்ததும் இல்லை. கிறிஸ் கிஃபோர்ட், வேலரி வால்ஷ், எரிக் வைனர் மூவரும் உருவாக்கிய இந்தத் தொடர் 2000-ல் நிக்கலோடியனில் தொடங்கியது. அதே சேனலில் 1996-லேயே வந்துவிட்ட 'புளூஸ் க்ளூஸ்' என்ற நிகழ்ச்சியிலும் கேள்வி கேட்டுவிட்டு இப்படிக் காத்திருப்பார்கள். யோசிக்க நேரம் கொடுத்தால் குழந்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்காது, கூடவே பேசும் என்று தெரிந்து செய்தார்கள். மூலத்தில் டோரா ஆங்கிலம் பேசி நடுநடுவே ஸ்பானிஷ் சொல்லித் தருவாள். 2007-ல் தொடங்கிய சுட்டி டிவி வழியாக வந்தபோது தமிழ் பேசி ஆங்கிலம் சொல்லித் தந்தாள்.

அப்புறம், டோராவின் பொருளைத் திருட வரும் குள்ளநரி. இதைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. "குள்ளநரி, திருடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னால் போதும், விரலைச் சொடுக்கி ஏமாற்றத்தோடு ஓடிவிடுவான். யாரும் அவனை அடிப்பதில்லை, கட்டிப்போடுவதில்லை. சொல்லத் தாமதமானால் பொருளைப் பிடுங்கி எங்கேயாவது வீசிவிடுவான். டோராவும் அவளுடைய குரங்கு நண்பன் புஜ்ஜியும் உட்கார்ந்து அழமாட்டார்கள், தேடப் போவார்கள். சேர்ந்து தேடுவதும் நம் வேலைதான். வேறு எந்தக் கார்ட்டூனிலும் இவ்வளவு மரியாதையான திருடனை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி இருக்கும் என்பது உண்மை. மூன்று இடம், ஒரு நரி, ஒரு பாட்டு. பெரியவர்களுக்குச் சலிக்கும். மூன்று வயதுக்கு அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதில்தான் சந்தோஷம்.

வெளிநாட்டுக் கார்ட்டூன் என்று கூச்சப்படுகிறீர்கள். சரி, டோரா அமெரிக்காவில் பிறந்தவள்தான். "அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்" என்ற பாட்டை எந்த அமெரிக்கர் எழுதினார்? வழியை மூன்றாகப் பிரித்துப் பார்க்க அவளிடம் கற்றீர்கள், வழியை நீங்களே போட்டீர்கள். தாராளமாக உருகுங்கள். தம்பிக்கும் அந்தப் பஸ் பாட்டை ஒரு தடவை பாடி அனுப்புங்கள்.

அண்ணன் மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கத்திலேயே உட்காருங்கள். டோரா நிறுத்தும் இடத்தில் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள், "சொல்லுடா, சொல்லுடா" என்று தூண்டவும் வேண்டாம். முதலில் அவள் பேசாமலே பார்க்கலாம். என் மகளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு நாள் "பாலம்!" என்று கத்தினாள், சோறு ஊட்டிக்கொண்டிருந்த பாட்டி திடுக்கிட்டுவிட்டார். ஒரு நேரத்துக்கு ஒரு கதை போதும், அரை மணிகூட ஆகாது.