121 மைலுக்கு என்ன மதிப்பு?

கேள்வி: தரையில் ஓடும் கார் ஒலியின் வேகத்தையே தாண்டிவிட்ட பிறகும், கார் எஞ்சின் பாகங்கள் தயாரிப்பதில் பெயர்பெற்ற அமெரிக்காவின் எடல்பிராக் குடும்பத்தின் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) மணிக்கு 121 மைல் ஓடியதை இன்றும் நினைவுகூர்ந்து எழுதுகிறார்கள். இது ஒரு பணக்காரக் குடும்பத்தின் பழம்பெருமை அல்லாமல் வேறென்ன? (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் ஒப்பிடும் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டி கிரீன் மணிக்கு 763 மைல் ஓட்டிய வண்டி, இரண்டு ஜெட் எஞ்சின்கள் உந்தித் தள்ளிய வண்டி. சாதனை ஓட்டத்தைத் தவிர வேறு எதற்கும் அது செய்யப்படவில்லை. விக் எடல்பிராக் 1938இல் வாங்கியதோ அன்றாடம் தெருவில் ஓட்டிய, கூரையில்லாத சாதாரண ஃபோர்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அதையே வறண்ட ஏரிப்படுகைக்கு ஓட்டிச் சென்று, அங்கே மட்கார்டுகளையும் ஹெட்லைட்டுகளையும் முன்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்தில் ஓட்டுவார். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, அதே காரில் வீடு திரும்புவார். 1941 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரோசமண்ட் ஏரிப்படுகையில் 121 மைலைத் தொட்டது அந்தக் கார்தான். அடுத்த மாதமே அமெரிக்கா போரில் இறங்கியது.

பணக்காரக் குடும்பம் என்கிறீர்கள். கேன்சஸ் மாநிலத்தில் தந்தையின் மளிகைக் கடை தீக்கிரையானதால் 14 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போன சிறுவன்தான் இந்த விக். பின்னர் கலிஃபோர்னியாவுக்கு வந்து பழுதுபார்க்கும் கடை வைத்தார். காசு கொட்டி வேகம் வாங்கும் நிலையில் அவர் இருக்கவில்லை என்பதால்தான், இருக்கிற எஞ்சினிலிருந்து இன்னும் எவ்வளவு கறக்க முடியும் என்று யோசித்தார்.

அந்த எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காரின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. ஃபோர்டு 1932இல் கொண்டுவந்த வி-8, எளியவர் வாங்கக்கூடிய விலையில் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சின். தொடக்கத்தில் அதன் திறன் 65 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே இருந்தன. எரிந்த வாயு பிளாக்கின் ஊடாகவே வெளியேற வேண்டியிருந்ததால் எஞ்சின் எளிதில் சூடேறியது. ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியை அகலப்படுத்தினால் அது வேறு எஞ்சினாகவே மாறும். எடல்பிராக், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர்கள் இரண்டைத் தாங்கி, அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் இன்டேக் மானிஃபோல்டு என்ற பாகம் ஒன்றை வடிவமைத்துத் தன் ரோட்ஸ்டரில் பூட்டி ஓட்டினார். ஆய்வுக்கூடம் அவரிடம் இல்லை. அந்தக் காரே ஆய்வுக்கூடமாகவும் ஏரிப்படுகையின் கடிகாரமே நடுவராகவும் இருந்தன. அதைப் பார்த்த மற்ற ஓட்டுநர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள், ‘ஸ்லிங்ஷாட்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. போர் முடிந்ததும் 1946இல் அவர் தன் முதல் விலைப்பட்டியலை அச்சிட்டார். பிற்காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்ற ஒரு தொழில் அந்த ஒரு காரின் பானெட்டுக்கு அடியில் தொடங்கியது என்று சொன்னால் அதில் மிகை இல்லை. செல்வம் வந்த பிறகு கார் வாங்கிய கதையாக இதை நீங்கள் நினைத்திருக்கிறீர்கள்; நடந்தது நேர்மாறானது.

1962இல் தந்தை காலமானபோது மகன் விக் ஜூனியருக்கு வயது 26. நிறுவனத்தை ஏற்று நடத்திய அவர், 2017இல் தான் மறையும்வரை தந்தையின் பந்தய நாட்களைப் போற்றிவந்தார். அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. தந்தை தன் கையால் ஸ்பானர் பிடித்து வேலை செய்த வண்டியை மகன் போற்றாமல் வேறு யார் போற்றுவது?

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமான ஓர் இழை இருக்கிறது. குடும்பத்தை நினைவில் வைக்கிறவர்கள் களத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் பல கார்கள் பாய்ந்த ஆரம்ப நாட்களில், முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவருக்குக் கண் தெரியாது; உயிரைப் பணயம் வைத்துத்தான் ஓட்டினார்கள். ஓட்டத்தை ஒழுங்குபடுத்தி, நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட 1937இல் தென் கலிஃபோர்னிய நேரக் கணிப்புச் சங்கம் உருவாகியிராவிட்டால், 121 என்ற எண்ணே வெறும் வாய்ச்சொல்லாகப் போயிருக்கும். பந்தயக்காரர்கள் எல்லோரும் விரும்பிய மியூராக் ஏரிப்படுகை இராணுவத்தின் கைக்குப் போய், இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அதே சங்கம் எல் மிராஜ் படுகையில் இன்றும் பந்தயம் நடத்துகிறது. அங்கே ரோட்ஸ்டர்களுக்குத் தனிப் பிரிவுகளும், எஞ்சின் கொள்ளளவுக்கேற்ப அவற்றுக்குள் உட்பிரிவுகளும் உண்டு; ஜெட் வண்டியோடு ரோட்ஸ்டரை யாரும் அங்கே ஒப்பிடுவதில்லை.