வாரந்தோறும் தொட்டித் தண்ணீரை மாற்றியும் கொசுப்புழு வருவது ஏன்?

தண்ணீரைக் கொட்டி நிரப்பினால் போதாது; தொட்டியின் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். வாரந்தவறாமல் மாற்றியும் புழு நெளிகிறது என்கிறீர்களே, முட்டை சுவரில்தான் இருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி ஒட்டியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவைதான். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாக அழுத்தித் தேய்த்து அலசுங்கள். பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டையும் இழுத்துப் பாருங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

புகை மருந்தை நம்பாதீர்கள், அது முட்டையை ஒன்றும் செய்யாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து அதிகம்.