டிக்கெட் விலையும் விமானப் போட்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரே விமானம், ஒரே வரிசை. பக்கத்து இருக்கைக்காரர் நான் கொடுத்ததில் பாதிதான் கொடுத்திருக்கிறார். எப்படி?

பதில்: எக்கானமி வகுப்பு பார்வைக்கு ஒன்றுதான். விற்பனைக் கணினியில் அது பத்துக்கும் மேற்பட்ட விலைப் பிரிவுகளாகக் கிடக்கும். மலிவான பிரிவில் இத்தனை இருக்கைதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அது தீர்ந்தால் அடுத்த பிரிவு திறக்கும். சுற்றுலா போகிறவர் விலையைப் பார்த்துத் தேதியை மாற்றுவார், நாளைக் காலை கூட்டத்துக்குப் போயாக வேண்டியவர் கேட்ட விலையைக் கொடுப்பார். அந்த இரண்டாமவருக்காக எத்தனை இருக்கையைக் கடைசிவரை விற்காமல் வைப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான கணக்கு. கூடுதலாக வைத்தால் இருக்கை காலியாகப் பறக்கும். குறைவாக வைத்தால் அதிக விலை தரத் தயாராக வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு ஒரு நிறுவனத்தையே சாய்த்திருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற விமான நிறுவனம் மலிவுக் கட்டணத்தால் மளமளவென வளர்ந்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதற்கு ஈடான ஒரு சலுகையை அறிவித்தது. முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட இருக்கைகளில் மட்டும். மீதி இருக்கைகள் பழைய விலையிலேயே விற்றன. அப்படிப் பிரித்து விற்கும் கணினி வசதி பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் இல்லை. வேறு நிறுவனங்களை வாங்கிய சுமையும் சேர, 1987-இல் அது கான்டினென்டல் என்ற இன்னொரு விமான நிறுவனத்துடன் கரைந்துபோனது.

உங்களுக்குப் பயன்படும் ஒன்று: நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுப் பிரிவில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், பல தளங்கள் நான்கு பேருக்குமே அடுத்த பிரிவின் விலையைக் காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் மூன்று, ஒன்று என்று பிரித்து வாங்கலாம். ஆனால் முன்பதிவு எண் இரண்டாகிவிடும். விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாட்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தால் மற்றவையும் உடனே குறைக்கின்றனவே, நஷ்டம் வராதா?

பதில்: பெரும்பாலும் வரும். கதவு மூடியபின் காலி இருக்கைக்கு மதிப்பே கிடையாது. கூடுதலாக ஒரு பயணியை ஏற்றுவதால் ஆகும் செலவும் சொற்பம். அதனால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றே தோன்றும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அப்படித் தோன்றுவதுதான் பிரச்சினை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் பறக்கவைக்க ஆகும் செலவு 4 என்றும், ஒரு பயணியிடமிருந்து கிலோமீட்டருக்குக் கிடைப்பது 5 என்றும் வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் நிரம்பினால் கையைக் கடிக்காது. 180 இருக்கை விமானத்தில் அது 144 பேர். கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தால் கிடைப்பது 4.5 ஆகிறது. இப்போது முதலுக்கு மோசம் வராமலிருக்கவே 160 பேர் வேண்டும். போட்டியாளரும் அதே விலைக்கு இறங்கிவிட்டால் அந்தக் கூடுதல் 16 பேர் எங்கிருந்து வருவார்கள்?

அதனால் விவரம் தெரிந்த பழைய நிறுவனங்கள் விலையை மட்டும் நம்புவதில்லை. புதிதாக வந்த நிறுவனத்தின் விமானம் காலை ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று என்று இருபுறமும் தம் விமானங்களைப் பறக்கவிட்டு நெருக்குகிறார்கள். இந்த மாதிரி நெருக்கடிக்குச் சட்டத்தில் தீர்வு காண்பது கடினம். டாலஸ் வழித்தடங்களில் கட்டணத்தைக் குறைத்தும் விமானங்களைக் கூட்டியும் சிறு நிறுவனங்களை விரட்டியதாக அமெரிக்க நீதித்துறை 1999-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது வழக்குப் போட்டது. செலவுக்குக் கீழே விற்றதாக நிரூபணமாகவில்லை என்று 2001-இல் அது தள்ளுபடியானது.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் மலிவு நிறுவனங்களின் முறையை அப்படியே காப்பியடித்தால் என்ன?

பதில்: அடித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டெல்டாவும் யுனைடெட்டும் மலிவுக் கட்டணத்துக்கென்றே தனிப் பெயரில் கிளைகளைத் தொடங்கின. டெல்டாவின் 'சாங்' 2003-இல் வந்து 2006-இல் போனது. யுனைடெட்டின் 'டெட்' 2004-இல் தொடங்கியது, 2009-க்கு மேல் நீடிக்கவில்லை. விமானத்துக்கு வேறு பெயின்ட் அடித்தார்கள், உள்ளே இருந்த செலவு அப்படியே இருந்தது.

அந்தச் செலவு தரையில்தான் கூடுகிறது. ஒன்றே கால் மணி நேரப் பயணம், நாளுக்கு 14 மணி நேர ஓட்டம் என்று கொள்ளுங்கள். தரையிறங்கி 25 நிமிடத்தில் கிளம்பினால் எட்டு முறை பறக்கலாம். 50 நிமிடம் நின்றால் ஏழு முறைதான். விமானத்தின் மாத வாடகை என்னவோ இரண்டிலும் ஒன்றே. அமெரிக்க மலிவு நிறுவனமான சவுத்வெஸ்ட் 1972-இல் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டிய நெருக்கடியில், மூன்றை வைத்தே அட்டவணையை ஓட்ட தரையிறங்கிப் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்பும் முறையைப் பழக்கியது.

அந்த 25 நிமிடத்தைப் பிடிக்க முன்கதவு, பின்கதவு இரண்டிலும் படிக்கட்டு வேண்டும். பயணிகள் இறங்கும்போதே பணிப்பெண்கள் குப்பையை எடுத்தாக வேண்டும். மூட்டைகளை ஏற்றுவதும் எரிபொருள் நிரப்புவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு பயணி வராமல் போனால் அந்தப் பெட்டியைத் தேடி இறக்கும்வரை கிளம்ப முடியாது. காலையில் போன 20 நிமிடம் மாலைவரை துரத்தும். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. வேறு விமானத்திலிருந்து மாறி வரும் பயணிக்கும் அவர் பெட்டிக்கும் காத்திருந்தே ஆகவேண்டும். மலிவு நிறுவனங்கள் பலவும் ஊரிலிருந்து ஊருக்கு நேராகப் பறப்பதால் இந்தக் காத்திருப்பு குறைவு.

தப்பித்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் 2004-இல் தொடங்கிய மலிவு நிறுவனமான ஜெட்ஸ்டார் இன்றும் பறக்கிறது. தனி நிர்வாகம், தனி ஊழியர், தனி சம்பள ஒப்பந்தம் என்று அதைத் தாய் நிறுவனத்திலிருந்து உண்மையாகவே பிரித்துவைத்தார்கள்.

கேள்வி: பாயின்ட், மைல் என்று இலவசமாகக் கொடுப்பது எப்படிக் கட்டுப்படியாகிறது?

பதில்: மைல் என்பது சேர்த்துவைத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளி. விமான நிறுவனம் அதை விற்கிறது, வங்கி வாங்குகிறது. நீங்கள் கடன் அட்டையைத் தேய்க்கும்போது சேரும் மைலுக்கு வங்கி விமான நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறது. 2024-இல் கடன் அட்டை நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு வந்தது சுமார் 740 கோடி டாலர். கொரோனா காலத்தில் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானமாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது.

ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது, நினைத்தபோது கூட்டவும் செய்கிறது. ஆகவே பயணத்துக்குத் தேவையான அளவு சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள். பல திட்டங்களில் குறிப்பிட்ட காலம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் மைல் காலாவதியாகும். விதிமுறையில் அந்தக் காலம் எவ்வளவு என்று இன்றே பார்த்துக் குறித்துவையுங்கள்.