அதபு (இஸ்லாமிய நல்லொழுக்கம்) கேள்வி – பதில்: இரண்டாவது வரிசைக் காரும் கம்பிக் கதவும்

கேள்வி: வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பள்ளிவாசல் பக்கம் பார்க்கிங் கிடைப்பதில்லை. இரண்டாவது வரிசையில் நிறுத்தி, போன் நம்பரை முன்கண்ணாடியில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். அப்படியும் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். தொழத்தானே போனேன்?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: நம்பரை வைத்தீர்கள், சரி. போன்? பள்ளிக்குள் நுழைந்ததும் சைலண்டில் போட்டிருப்பீர்கள். போடவும் வேண்டும். குத்பா (தொழுகைக்கு முந்தைய பிரசங்கம்) நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் 'பேசாதே' என்பதே வீண்பேச்சு என்று ஹதீஸ், அதாவது நபிமொழி (புகாரி தொகுப்பு). அப்படியிருக்க, போனை எடுத்து 'இதோ வர்றேங்க' என்று நீங்கள் சொல்லப் போவதில்லை. ஆக, குத்பா தொடங்கியதிலிருந்து இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கிறவரை அந்த நம்பர் வெறும் தாள். உங்கள் காருக்கு உள்பக்கம் காரோடு மாட்டிக்கொண்டவர் முஸ்லிமாக இல்லாமல் இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூட்டி வரப் புறப்பட்டவராகவும் இருக்கலாம்.

ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) எழுபதுக்கு மேல் கிளைகள். அதில் ஆகக் கீழே உள்ளது, பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது (முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பு). நீங்கள் இடைஞ்சலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். சம்மன் வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம்.

தள்ளி நிறுத்திப் பத்து நிமிடம் நடங்கள். ஜும்ஆவுக்கு முன்கூட்டியே நடந்து வருவதற்கென்றே தனி நன்மை சொல்லப்பட்டிருக்கிறது. வழியே இல்லையென்றால், உங்களோடு தொழ வருகிற, 'பரவாயில்லை' என்று சொன்ன ஒருவரின் காரை மட்டும் மறித்து நிறுத்துங்கள். முன் சஃப்புக்கு (வரிசைக்கு) ஆசைப்படாமல் வாசலருகே உட்காருங்கள். பர்ளு (கட்டாயத் தொழுகை) முடிந்ததும் கிளம்பிவிடலாம். ஜும்ஆவுக்குப் பின் 2 ரக்அத் சுன்னத்தை (கூடுதல் தொழுகையை) நபி (ஸல்) அவர்கள் வீட்டில்தான் தொழுதார்கள் என்று நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார். ஹேண்ட் பிரேக்கை எடுத்து நியூட்ரலில் விட்டுப்போகும் வித்தையெல்லாம் சமதரையில், தள்ளத் தெம்புள்ள ஆள் வந்தால்தான் உதவும்.

கேள்வி: மகன் மலாய்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். சாப்பிடும்போது நாங்கள் தமிழில் பேசினால் மருமகள் முகம் வாடுகிறது. சொந்த வீட்டில் சொந்த மொழி பேசக் கூடாதா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தாராளமாகப் பேசலாம். ஆனால் மேசையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று பேர் இருக்கையில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் இரகசியம் பேச வேண்டாம், அது அவருக்கு வருத்தம் தரும் என்று நபிமொழி (புகாரி, முஸ்லிம்). மூன்றாமவருக்குப் புரியாத மொழியில் பேசுவதையும் அறிஞர்கள் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். குரலைத் தாழ்த்தினாலும் மொழியை மாற்றினாலும் அவர் வெளியேதானே நிற்கிறார். நான்கு பேர் இருந்தால் பாதகமில்லை என்றார் இப்னு உமர் (ரலி). இரகசியம் பேச ஒருவர் வந்தபோது, உடனிருந்தவர் தனித்துப் போகாதபடி இன்னொருவரைக் கூப்பிட்டு நான்காக்கிக்கொண்டார். உங்கள் வீட்டில் நான்காவது ஆளும் தமிழ் பேசுகிறவர் என்றால் அந்தச் சலுகை உதவாது. மருமகளுக்குத் துணை இல்லையே.

ரொம்பக் குத்துவது எது தெரியுமா? தமிழ்ப் பேச்சுக்கு நடுவே அவள் பெயர் வருவதும், அதையடுத்து ஒரு சிரிப்பும். நீங்கள் அவள் வைத்த சம்பாலைப் புகழ்ந்திருப்பீர்கள். அவளுக்கு என்ன தெரியும்? பெயர் வந்தால் அந்த வாக்கியத்தை உடனே மலாயில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அத்தாவின் மருந்து, வீட்டுக் கணக்கு என்று தமிழில்தான் பேச வரும் என்றால், 'ரெண்டு நிமிஷம் மருந்து விஷயம் பேசிக்கிறோம்' என்று அவளிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் அதற்கு வருஷமாகும்; சோறு தினமும் சாப்பிடுகிறோம்.

கேள்வி: 2,000 வெள்ளி (ரிங்கிட்) கைமாற்று வாங்கியவர் ஒரு வருஷமாக இழுக்கிறார். ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடலாமா? உண்மையைத்தானே சொல்கிறேன்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உண்மையாக இருந்தால்தான் அது புறம் பேசுவது, பொய் என்றால் அவதூறு. இந்தப் பிரிவினையும் ஹதீஸ்தான் (முஸ்லிம்).

முதலில் ஆள் எந்த வகை என்று பாருங்கள். கையில் இல்லாதவர் என்றால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). வைத்துக்கொண்டே இழுத்தடிப்பது அநியாயம். அப்போது முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தீர்த்துவைக்கக் கூடியவரிடம்தான். குழுவில் உள்ள 200 பேரில் யாரும் அவரிடமிருந்து பணம் வாங்கித் தரப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஊர் சுற்றும். கொடுத்த தேதி, தொகை போட்டு அவருக்குத் தனியாக எழுதுங்கள். மாதம் 100 வெள்ளி, 20 மாதம் என்று தவணை கேளுங்கள். மசியவில்லையா, இருவருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரை நடுவில் வையுங்கள். அதற்கும் பிறகு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே சிறு தொகைக்கு வழக்குப் போடலாம். அது புறம் பேசுவதில் சேராது. அடுத்த கடனை எழுதிக் கொடுங்கள். குர்ஆனின் ஆக நீண்ட வசனமே (2:282) அதைப் பற்றியதுதான்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் மரக்கதவு திறந்து, கம்பிக் கதவு மட்டும் பூட்டியிருந்தால் எப்படிக் கூப்பிடுவது?
– வாசகி, குளுகோர்

பதில்: கதவுக்கு நேரே நிற்காதீர்கள். அன்று மதீனா வீடுகளின் வாசலில் திரை இல்லை. அதனால் நபி (ஸல்) அவர்கள் வலமாகவோ இடமாகவோ ஒதுங்கி நின்று ஸலாம் சொன்னார்கள் (அபூதாவூத்). கம்பிக் கதவும் அதே நிலைதான். கூடத்தில் படுத்திருப்பவர் வரை தெரியும். மூன்று முறை கூப்பிடலாம், ஒவ்வொரு முறைக்கும் நடுவே இடைவெளி விட்டு. உள்ளே தொழுதுகொண்டிருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம். 'யாரு?' என்றால் 'நான்தான்' என்பது பதிலாகாது, பெயரைச் சொல்லுங்கள். 'அப்புறம் வாங்க' என்றால் திரும்பிவிட வேண்டியதுதான் (குர்ஆன் 24:28). ஏன் என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம்.