வயிற்றில் சயரோகம்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

மூதூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: 19 வயது மகனுக்கு மூன்று மாதமாக வயிற்றுவலி, பின்னேரமானால் காய்ச்சல், உடம்பு உருகிவிட்டது. வயிற்றில் தேங்கிய நீரை எடுத்துப் பார்த்துவிட்டுச் சயரோகம் என்கிறார்கள். சென்னைக்குக் கொண்டுபோனால்தான் தப்பும், எல்லாம் நான் ஒழுங்கு செய்கிறேன் என்கிறார் தெரிந்த ஒருவர். நகையை அடகு வைக்கவா? தங்கச்சிக்கும் தொற்றுமா?

வைக்காதீர்கள், அம்மா. சென்னையிலும் கிட்டத்தட்ட இதே குளிசைகள்தான்: இங்கே முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் இரண்டு. திருகோணமலை காசநோய்க் கிளினிக்கில் ஒரு சதமும் வாங்காமல் தருவார்கள். 'ஒழுங்கு செய்கிறவரிடம்' ஒன்று கேளுங்கள்: ஆறு மாதமும் அங்கேயே தங்குவதா? பதில் வராது, அவருடைய கமிஷன் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அப்படிப் போன ஒரு பையன் ஒரு மாத மருந்தோடு திரும்பினான். காய்ச்சல் விட்டதும் குளிசையையும் விட்டான். மறுபடி என்னிடம் வந்தபோது எலும்பும் தோலும்தான்.

நெஞ்சுப் படமும் சளியும் சுத்தமென்றால் தங்கச்சிக்குப் பயமில்லை. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்து அவனை நோகடிக்காதீர்கள். வீட்டாரை ஒருமுறை பரிசோதிக்கக் கூப்பிட்டால் போய் வாருங்கள், சரி.

சோதனைக்காகக் குடலில் சதை எடுத்தால், அதில் ஒரு துண்டை உப்புநீரில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். சதை அழுகாமல் வைக்கும் போமலின் திரவத்தில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. இதை நோயாளியின் தாய் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது! வார்டு ஒரு சீட்டு எழுதும், கிளினிக் இன்னொன்று கேட்கும், நடுவில் நீங்கள் பஸ்ஸில் அலைவீர்கள். எத்தனையோ தடவை சொல்லி அலுத்துவிட்டேன்.

குளிசை தொடங்கினால் சலம் (சிறுநீர்) செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம். கண் மஞ்சளித்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குடல் சுருங்கலாம்; நோய் குணமாகிக்கொண்டிருக்கும்போதே இது வரும். வயிறு கல்லாக உப்பி, வாந்தி பச்சையாக வந்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால் அது வாயுவல்ல, அடைப்பு. சோடா வேண்டாம், கஷாயம் வேண்டாம், பேதிக்கு எதுவும் வேண்டாம். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கவும் வேண்டாம். இரவு இரண்டு மணியென்றாலும் ஓட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், குளிசை அட்டையும் கையில் இருக்கட்டும்.