பணத்தை எடுத்துவிட்டால் பேட்மேனிடம் என்ன மிஞ்சும்?

வணக்கம் சார்,

புதிதாக வரும் காமிக்ஸ்களை விடாமல் வாசிப்பவன் நான். சமீபத்தில் வாசித்தவை பற்றி மனதில் பட்டதை உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

அப்சொல்யூட் பேட்மேன் என்ற புதிய தொடரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேட்மேன் கதையை இன்னும் எத்தனை முறை முதலிலிருந்து தொடங்குவார்கள்? ஓவியமும் பிடிக்கவில்லை. மனித உடம்பு என்றே நம்ப முடியாத தோள்கள். அல்டிமேட் ஸ்பைடர்மேனின் நான்காவது இதழில் இரண்டு தம்பதிகள் உணவகத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 1962-இல் ஸ்பைடர்மேனின் மொத்தப் பிறப்புக் கதையையும் 11 பக்கத்தில் சொல்லி முடித்தார்கள். இன்று 11 பக்கத்தில் ஒரு காபி குடித்து முடிக்கிறார்கள்.

அட்வென்சர் பக்கம் வந்தால், 2025 அக்டோபரில் வந்த ஆஸ்டெரிக்ஸ் ஆல்பத்தை வாசித்தேன். ஆஸ்டெரிக்ஸும் ஓபெலிக்ஸும் லூசிடானியாவுக்கு, அதாவது அந்தக் கால போர்ச்சுகலுக்கு, போகிறார்கள். சிரித்தேன், மறுநாள் மறந்துவிட்டேன். படைத்தவர்கள் போன பிறகும் ஏன் இழுத்துக்கொண்டு போகவேண்டும்? டின்டினை நிறுத்தியதுபோல நிறுத்தியிருக்கலாம்.

மொத்தத்தில் சூப்பர் ஹீரோக்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், அட்வென்சர் நாயகர்கள் மாறவே மாட்டேன் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே சலிக்கிறது. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

காமிக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிறுவயது நினைவுகளைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் இப்போது வந்த இதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உங்கள் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கவனித்தது சரி. ஆனால் அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு வகைக் கதைகளும் இயங்கும் விதமே அதுதான். சூப்பர் ஹீரோ கதையில் சோதிக்கப்படுபவன் நாயகன். அட்வென்சர் கதையில் நாயகன் ஏறக்குறைய அப்படியே இருப்பான், அவன் போய் இறங்கும் இடம்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் இரண்டுமே தோற்றுப்போனதாகத்தான் தெரியும்.

சூப்பர் ஹீரோ கதையை மறுபடி தொடங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாயகனிடமிருந்து எதை எடுத்திருக்கிறார்கள்? உடையையும் ஆயுதத்தையும் மாற்றி, வயதைக் குறைத்துவிட்டு 'புதிய தொடக்கம்' என்று அறிவிக்கும் இதழ்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றின் மேல் உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் ஓவியர் நிக் டிரகோட்டாவும் தொடங்கிய அப்சொல்யூட் பேட்மேன் அந்த வகை கிடையாது.

1939-இல் பிறந்ததிலிருந்தே பேட்மேன் கதைக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. பெரும் பணக்காரன் ஒருவன் இரவில் தெருவில் இறங்கி, பெரும்பாலும் ஏழைகளாக இருக்கும் திருடர்களை அடிக்கிறான். பல எழுத்தாளர்கள் அதைத் தொட்டும் தொடாமலும் கடந்து போயிருக்கிறார்கள். ஸ்னைடர் அந்தப் பணத்தையே எடுத்துவிடுகிறார். பேட்மேனின் நிஜப் பெயர் புரூஸ். இந்த புரூஸின் அப்பா ஒரு பள்ளி ஆசிரியர், மிருகக்காட்சிசாலையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்துபோகிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். புரூஸ் ஒரு பொறியாளன். மாளிகை கிடையாது, பணியாளர் கிடையாது. மற்ற கதைகளில் அவன் பணியாளராக இருக்கும் ஆல்ஃபிரட் இங்கே பிரிட்டிஷ் உளவாளியாக வந்து அவனைக் கண்காணிக்கிறார். முதல் இதழை நாம் வாசிப்பதே பெரும்பாலும் அவர் பார்வையில்தான். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரியாகிறது. கையில் கிடைப்பதைக் கொண்டு தானே எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளவேண்டிய ஒருவன். பணம் போன பிறகும் அவன் பேட்மேனாக இருக்கிறான் என்றால் அவனை அப்படி ஆக்கியது எது? இந்தத் தொடர் இதழுக்கு இதழ் அதைத்தான் கேட்கிறது.

அந்தத் தோள்களின் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். பணம் வாங்கித் தந்ததையெல்லாம் இங்கே உடம்பு செய்யவேண்டியிருக்கிறது. டிரகோட்டா ஒரு பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, நம் கண்ணை அங்குமிங்கும் ஓடவைத்துவிட்டு, பக்கத்தைத் திருப்பியதும் முழுப்பக்கத்தில் அந்த உருவத்தை நிறுத்துகிறார். உருவம் கட்டத்துக்குள் அடங்காமல் திமிறுகிறது. 1986-இல் ஃபிராங்க் மில்லர் வயதான பேட்மேனை வரைந்தபோது பக்கத்துக்கு 16 கட்டம் என்ற அமைப்பை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தார். கட்டங்கள் நெருக்க நெருக்க, அவற்றை உடைத்துக்கொண்டு வரும் உருவம் பெரிதாகத் தெரியும். உடற்கூறு சரியா என்று பார்க்காமல் டிரகோட்டாவின் பக்கங்களை இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள். அவற்றுக்கு வண்ணம் தீட்டிய ஃபிராங்க் மார்ட்டினின் வண்ணங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு இந்தத் தொடரில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. புரூஸின் சிறுவயது நண்பர்கள் யார் என்று கவனித்தீர்களா? ஹார்வி, ஆஸ்வால்ட், எட்வர்ட், வேலன், செலினா. மற்ற பேட்மேன் கதைகளில் இவர்களில் பெரும்பாலானவர்கள் அவன் எதிரிகள். இங்கே ஒன்றாகச் சுற்றி வளர்ந்தவர்கள். அவர்கள் சேர்ந்து சிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. இந்த நட்பு எப்படி உடையப்போகிறதோ என்ற பயம் கதைக்குள் இருப்பவர்களுக்கு இல்லை, நமக்குத்தான் இருக்கிறது. எண்பது வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதையால் மட்டுமே இந்தப் பயத்தைத் தரமுடியும். மறுபடி மறுபடி தொடங்குகிறார்களே என்று நீங்கள் வருத்தப்படும் அந்த நீண்ட வரலாற்றிலிருந்துதான் இது வருகிறது.

இதே 'அப்சொல்யூட்' வரிசையில் கெல்லி தாம்ப்சன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரையும் வொண்டர் வுமனை நீங்கள் குறிப்பிடவே இல்லை. வாசிக்கவில்லை என்றால் உடனே வாசியுங்கள். வொண்டர் வுமனான டயானாவிடமிருந்து தீவையும் தாயையும் அமேசான் சகோதரிகளையும் பறித்து, நரகத்தில் சூனியக்காரி சர்சியின் கையில் வளரவிடுகிறார்கள். கருணை கற்றுக்கொள்ள வழியே இல்லாத இடம். ஆனாலும் அவள் கருணையோடு வளர்கிறாள், இன்னொருவனைக் காப்பாற்றத் தன் கையையே விலையாகக் கொடுக்கிறாள். என்னைக் கேட்டால் பேட்மேனைவிட இதுதான் முழுமையான படைப்பு. சூப்பர்மேன் தொடர் எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை. அவன் பிறந்த கிரகமான கிரிப்டானுக்கும் பூமிக்கும் மாறி மாறித் தாவுவதால் முதல் சில இதழ்களில் அவனோடு நிற்க நமக்கு இடமே கிடைப்பதில்லை.

சரி, ஸ்பைடர்மேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் செய்த அந்த 11 பக்கங்கள் எனக்கும் அதிசயம்தான். சிலந்தி கடிக்கிறது, பையன் பீட்டர் மேடையேறிப் பேர் வாங்குகிறான், திருடனைத் தப்பவிடுகிறான், மாமா சாகிறார், கொன்றவன் யார் என்று தெரிகிறது. ஒரு கட்டம்கூட வீண் இல்லை. அந்த வேகம் அந்தக் கதைக்குத் தேவை, ஏனென்றால் பீட்டர் யோசிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது. ஆனால் 2024-இல் ஜொனாதன் ஹிக்மேனும் மார்கோ செக்கெட்டோவும் தொடங்கிய கதையில் பீட்டர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள நடுவயதுக்காரன். இளமையில் அவனைக் கடித்திருக்கவேண்டிய சிலந்தியை ஒருவன் திட்டமிட்டுத் தடுத்துவிட்டான். இவ்வளவு காலம் கழித்து அதே வாய்ப்பு வீட்டுக்கு வரும்போது, வேண்டுமா வேண்டாமா என்று அவன் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. விபத்தாக நடந்தது இங்கே முடிவாக மாறிவிட்டது. முடிவெடுப்பதற்கு நேரம் பிடிக்கும், மனைவியிடம் பேசவேண்டியிருக்கும். அதனால் பீட்டரும் மேரி ஜேனும் ஹாரியும் க்வெனும் உட்கார்ந்து பேசும் அந்த இதழ் எனக்கு நீளமாகத் தெரியவில்லை. அந்தத் தொடர் எதைப் பற்றியது என்பதே அந்த மேசையில்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் குறையில் ஒரு பாதியை நான் முழுக்க ஏற்கிறேன். மாதம் ஒரு முறை, இருபது பக்கத்தைச் சற்றுத் தாண்டும் இதழை வாங்குகிற வாசகனுக்கு அந்த இதழுக்குள்ளேயே ஏதாவது ஒன்று முடிந்திருக்கவேண்டும். இன்று பலர் ஐந்தாறு இதழைச் சேர்த்துப் புத்தகமாக்குவதை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். தனி இதழ் ஒரு துண்டாக நம் கையில் நிற்கிறது. அதற்கு மேல் ஒரே இதழுக்குப் பத்து வேரியன்ட் அட்டைகள், கதை புரியவேண்டுமானால் இன்னும் நாலு தொடர்களை வாங்கச்சொல்லும் கிராஸ்ஓவர்கள். இவை வாசகனை மதிக்காத செயல்கள். எவ்வளவு நல்ல ஓவியமும் இதைச் சரிக்கட்டாது.

இப்போது ஆஸ்டெரிக்ஸ். எழுதிய கோசினி 1977-லேயே போய்விட்டார். உடெர்சோ பிறகு தனியாக எழுதி வரைந்தார், 2013-இல் தொடர் அடுத்த தலைமுறையின் கைக்குப் போனது. இப்போது ஃபேப்காரோ எழுத, டிடியே கான்ராட் வரைகிறார். நீங்கள் சொல்லும் லூசிடானியா ஆல்பம் வரிசையில் 41-ஆவது. மறுநாளே மறந்துவிட்டது என்கிறீர்கள். எனக்கும் அது இந்தக் கூட்டணியின் முந்தைய ஆல்பம் அளவுக்கு நிற்கவில்லை. 2023-இல் வந்த அந்தக் கதையில் ரோமிலிருந்து இனிமையான உபதேசங்களோடு ஒருவன் வந்து கிராமத்தையே மயக்குவான். சண்டைக்காரக் கிராமம் சாந்தமாகிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் கடிக்கும். லூசிடானியாவில் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட மீன்சாறு தயாரிப்பாளர் ஒருவரைக் காப்பாற்றப் போகிறார்கள். நகைச்சுவை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வழக்கை வேறு நாட்டுக்குத் தூக்கிப்போனாலும் பெரிதாக எதுவும் கெடாது. அட்வென்சர் கதையில் நான் பார்ப்பது இதைத்தான்: இந்த நிலத்தை விட்டு வேறெங்கும் இது நடந்திருக்க முடியாது என்று தோன்றவேண்டும்.

டின்டின் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். தனக்குப் பின் வேறு யாரும் தொடரக்கூடாது என்பது அதைப் படைத்த எர்ஜேயின் விருப்பம். 1983-இல் அவர் இறந்தபோது பாதியில் நின்ற கதையை 1986-இல் கோட்டோவியக் குறிப்புகளாகவே வெளியிட்டார்கள். ஆனால் அதைப் பொதுவிதியாக்க முடியாது. இத்தாலிய கௌபாய் தொடரான டெக்ஸ் 1948-இலிருந்து எத்தனையோ எழுத்தாளர்கள், ஓவியர்கள் கைமாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு ஓவியரும் அதே பாலைவனத்தைத் தன் தூரிகையால் புதிதாகப் பார்க்கிறார், அதனால்தான் அது ஓடுகிறது. ஹ்யூகோ பிராட் 1995-இல் மறைந்தபின் அவருடைய மாலுமி நாயகன் கோர்த்தோ மால்தேஸை 2015 முதல் வேறு இருவர் தொடர்ந்தார்கள். பிராட்டின் மௌனம் அவர்களுக்கு எப்போதும் கைகூடவில்லை. கடலும் துறைமுகங்களும் கைகூடின. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பழைய நாயகர்களே வேண்டாம் என்றால் சேவியர் டோரிசன் எழுதி திமோத்தே மொன்டைன் வரைந்த '1629' என்ற இரண்டு பாகங்களைத் தேடுங்கள். 2022-இலும் 2024-இலும் வந்தவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படேவியா கப்பல் 1629-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளத்தீவுகளில் மோதி உடைந்தது. தப்பியவர்களை ஒரு மருந்து வியாபாரி தன் பிடிக்குள் கொண்டுவந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லவைத்தான். நடந்த சம்பவம் இது. கதையில் கப்பலுக்குப் பெயர் மட்டும் ஜகார்த்தா. முதல் பாகத்தில் அந்த மரக்கப்பலின் அடித்தளங்களில் நசுங்கிக்கிடக்கும் கூட்டத்தை மொன்டைன் வரைந்திருப்பதைப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் வெட்டவெளித் தீவு, ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது. எந்த நாயகனும் வந்து காப்பாற்றப்போவதில்லை என்பது தெரிந்தே பக்கத்தைத் திருப்புவோம்.

இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள், இடைவெளி விடாமல் வாசியுங்கள். வாசித்தபின் எழுதுங்கள். வொண்டர் வுமன் பற்றியும்.

அன்புடன்.